காத்து வராத அறை

அப்பா இருபத்திரண்டு வருடம் குடிநீர் நிறுவனத்தின் பம்ப் ஹவுசில் ஃபிட்டர். போன மாதம் இறந்தபோது, புகார்ப் பிரிவில் தொலைபேசி உதவியாளர். நான் மெக்கானிகல் இன்ஜினியர். இவ்வளவு மோசமான பொருத்தத்தை எந்த இயந்திரத்திலும் பார்த்ததில்லை.

பம்பின் மேல் உள்ளங்கையை வைத்தே எந்த பேரிங் தேய்கிறது என்று சொல்லிவிடுவார். அந்த இரைச்சல் அவர் காதைத் தின்றுவிட்டது. பதிலுக்கு, உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்ளக் கற்றுக்கொடுத்தது. எதிரே நின்று பேசுகிறவர்களுக்குச் சந்தேகமே வராது. ஐம்பது வயதானதும் உட்கார்ந்து பார்க்கும் வேலை என்று, பெரிய சலுகையாக, ஃபோன் முன்னால் உட்கார வைத்தார்கள். ஃபோனுக்கு ஏது உதடு?

சத்தத்தை முழுக்கக் கூட்டிவைத்து, முகவரியை மட்டும் மூன்று முறை கேட்டு வாங்குவார். பிறகு சைக்கிளில் நேரே போய், முகம் பார்த்து விசாரித்து, வால்வைத் தானே சரிசெய்துவிட்டு வருவார். புகார்கள் பாதியாகக் குறைந்தன. அலுவலகத்துக்குத் தலைகால் புரியவில்லை.

அவருக்கு வேண்டியது ஒன்றுதான்: திரும்பவும் பம்ப் ஹவுஸ். மேலதிகாரியைப் பார்க்க என்னையும் அழைத்துப் போனார். மாடிப்படியில் நிறுத்தினார்.

"காதுப் பேச்சை மட்டும் எடுக்காத, தாயே. லாயக்கில்லன்னு எழுதி வீட்டுக்கே அனுப்பிடுவாங்க."

"வேற எதைச் சொல்லி மாற்றல் கேப்பீங்க?"

"ரூம்ல காத்து வரலன்னு சொல்லுவோம். ஒரு எழுத்துதானே கூட."

அதிகாரி நல்ல மனிதர். முகத்தைப் பார்த்து நிதானமாகப் பேசினார். அதுதான் வினை. அப்பா ஒரு கேள்வியையும் தவறவிடவில்லை.

"காத்து வரலையா? இதுக்குப் போயா மாற்றல்? நாளைக்கே ஃபேன் மாட்டச் சொல்றேன். அந்த சீட்டுக்குன்னே பொறந்தவரும்மா உங்கப்பா."

"சார், உண்மையில அப்பாவுக்கு..."

அப்பா என் காலை மிதித்தார். "ரொம்ப நன்றி சார்" என்றார்.

சொன்னபடி மறுநாளே ஃபேன் வந்தது. அதன் கீழேயே நாலு வருடம், கடைசிவரை.

அதிகாரியைப் பார்த்துவிட்டு அன்று வெளியே வந்ததும் விறுவிறுவென்று முன்னால் நடந்தார். பஸ் நிறுத்தம்வரை அவர் முதுகைப் பார்த்துத் திட்டிக்கொண்டே போனேன். வீம்பு என்றேன். கோழை என்றேன். இன்னும் என்னென்னவோ.

நிறுத்தத்தில் திரும்பிப் பார்த்தார். "ஏதாவது சொன்னியாம்மா?"

"ஒண்ணுமில்லப்பா."