பூசை இல்லாத நேரத்தில் பூசைக்குப் போன ஸ்டெல்லா

என் மனைவி சண்டை போடுவதை நிறுத்திவிட்டாள்!

(சிரிக்காதீர்கள். எனக்குப் பயம் வந்துவிட்டது.)

வில்லியனூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். ஸ்டெல்லா ஒரு தையல் கம்பெனியில் வேலை செய்கிறாள். கல்யாணமாகிப் பதினான்கு வருடம். ஒரு வருடமாக, நான் கடை அழுக்குக் கையோடு வீட்டில் எதையாவது தொட்டால், அவள் குரல் தெருமுனை வரை கேட்கும்.

ஒருநாள் கிரீஸ் கையை அவளுடைய வெள்ளைத் துண்டிலேயே துடைத்துவிட்டேன்.

பார்த்தாள். ஒரு மூச்சு இழுத்தாள். மெதுவாக விட்டாள்.

"சரி வுடுங்க. ஊற வெச்சித் தோச்சிக்கலாம்."

அவ்வளவுதான்!

எத்தனையோ மோட்டார்களைப் பிரித்தவன் நான். இரைந்துகொண்டே ஓடிய மோட்டார் திடீரென்று அமைதியானால் சந்தோஷப்பட மாட்டேன். உள்ளே என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நினைப்பேன்.

அன்றிலிருந்து கவனிக்க ஆரம்பித்தேன்.

தினமும் விடியற்காலை ஐந்தேகாலுக்கு எழுந்து, "பூசைக்குப் போயிட்டு வரேன்" என்று மாதா கோயிலுக்குக் கிளம்புகிறாள். ஆறரைக்குத் திரும்பி வரும்போது முகம் தெளிவாக இருக்கிறது. கையில் ஒரு துணிப்பை. அதற்குள் பழைய போர்வை!

"பூசைக்கு எதுக்குடி போர்வை?"

"கோயில்ல தரை சில்லுன்னு கீதுங்க."

(மார்ச் மாதம். நம்ம ஊர். சில்லென்று!)

இரண்டு நாள் கழித்து, தீப்பெட்டி தேடும்போது அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் ஒரு மாத்திரை அட்டை கிடைத்தது. பாதி காலி. பெயரைப் படித்தேன், புரியவில்லை. யாரிடமாவது கேட்கவும் பயம். இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

பெரிய நோயா? அதை மறைத்துக்கொண்டு கோயிலில் போய் அழுகிறாளா? அதனால்தான் என்னிடம் இவ்வளவு பொறுமையா? அந்த வாரம் இரண்டு மோட்டாருக்குக் காயிலைத் தப்பாகக் கட்டினேன்.

அப்போதுதான் அந்தோணி அண்ணன் தண்ணி மோட்டாரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். எங்கள் கோயிலில் மணியடிப்பவர். மெதுவாகக் கேட்டேன்.

"அண்ணே, ஸ்டெல்லா தெனம் காலப் பூசைக்கு வர்றா இல்ல?"

"காலப் பூசையா? ஞாயித்துக்கெழம மட்டும்தான்டா காலைல. மத்த நாளு சாயங்காலம். இன்னாடா, தூக்கத்துல பேசறியா?"

மறுநாள் காலை பின்னாலேயே போனேன். (ஆமாம், வெட்கமாகத்தான் இருக்கிறது. போனேன்.)

கோயிலுக்கு முன்னால் நின்று சிலுவை போட்டாள். உள்ளே போகவில்லை. நடந்தாள். சமுதாய நலக்கூடத்துக்குள் நுழைந்துவிட்டாள்.

வாசலில் பத்துப் பதினொரு ஜோடி செருப்பு. எல்லாம் பெண்கள் செருப்பு. உள்ளே ஏதோ பேச்சுக் குரல். நானும் வெளியே அரை மணி நேரம் நின்றேன். பிறகு குரல் அடங்கியது. ஒரு சத்தமும் இல்லை.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன்.

தரையில் வரிசையாகப் பெண்கள் மல்லாந்து கிடந்தார்கள். கண் மூடி, உள்ளங்கை மேலே பார்த்தபடி. அசைவே இல்லை. மூன்றாவதாக ஸ்டெல்லா.

எனக்கு மாத்திரை அட்டைதான் ஞாபகம் வந்தது. உள்ளே ஓடினேன். யாரோ ஒருவருடைய பாயில் தடுக்கி, அவள் பக்கத்தில் போய் விழுந்து தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"ஏய் ஸ்டெல்லா! எயுந்திருடி! இன்னாடி ஆச்சு?"

மொத்தக் கூட்டமும் எழுந்து உட்கார்ந்தது. ஒரு அக்கா அலறியே விட்டார்.

ஸ்டெல்லா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பிறகு கூடத்தைப் பார்த்துச் சொன்னாள்: "பயப்படாதீங்க. எங்க வூட்டுக்காரருதான்."

முன்னால் உட்கார்ந்திருந்தவர் எங்கள் பகுதி நர்சம்மா. "அது சவாசனம்ங்க. கடைசியில எல்லாரும் இப்பிடித்தான் படுப்பாங்க. மொதல்ல நீங்க உக்காந்து மூச்சு வுடுங்க" என்றார்.

யோகா கிளாஸ்!

வெளியே வந்ததும் கேட்டேன். "எதுக்குடி பூசைன்னு பொய் சொன்ன?"

"மொதல்ல நெசத்ததான் சொன்னேன். நீங்கதான் சிரிச்சீங்க."

நினைவுக்கு வந்தது. சாப்பிடும்போது ஏதோ சொன்னாள். "கையக் கால ஆட்டறதுக்கு ஒரு கிளாஸா? மிஷின் மிதிக்கிறது பத்தலையா?" என்று சிரித்துவிட்டு போனைப் பார்த்தேன். அவளுக்குப் பிரஷர் ஏறியிருக்கிறது, மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் என்று அப்போதே சொன்னாளாம்; என் காதிலேயே விழவில்லை.

"போன வருசம் எங்கம்மா செத்துப் போனதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்லீங்க. உங்க மேல எரிஞ்சி வியுந்தேனே, அது உங்க மேல கோவம் இல்ல. ஒடம்பு தாங்கல."

பக்கத்தில்தான் படுத்திருக்கிறேன். ஒரு வருடமாக எனக்குத் தெரியவில்லை.

அப்போதும் என் சந்தேகம் முழுசாகப் போகவில்லை. நர்சம்மாவிடம் திரும்பிப் போய்க் கேட்டேன். "கடைசியில பவுடர் கிவுடர் ஏதாவது விப்பீங்களா?"

"விக்க எங்கிட்ட ஒண்ணும் இல்லீங்க. மாத்திரையயும் நிறுத்தல, அது பாட்டுக்கு நடக்குது. கூட இது. இப்ப தூங்கறாங்க, கயுத்து வலி கொறஞ்சிருக்கு, பிரஷரும் கொஞ்சம் எறங்கியிருக்கு. வேணும்னா பிரஷர் பாத்த சீட்டப் பாருங்க."

பார்த்தேன். (சந்தேகப் பிராணி.)

"யோகான்னா நம்ம கோயில் சாமியாரு ஒண்ணும் சொல்ல மாட்டாரா?" என்று ஸ்டெல்லாவிடம் கேட்டேன்.

"மூச்சு வுடறதுக்கு யாருகிட்டங்க பர்மிஷன் கேக்கணும்?"

இப்போது சாயங்காலத்தில் வீட்டிலேயே எனக்கும் சொல்லித் தருகிறாள். ஒரு வாரம் ஆகிறது. குனிந்தால் கை முட்டிக்குக் கீழே போகவில்லை. உடம்பில் பெரிய மாற்றம் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நேற்று, முடித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தபோது, அவள் தன் அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். ரொம்ப நேரம் பேசினாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

நர்சம்மாவிடம் எனக்கும் இடம் கேட்டேன். அது பெண்கள் பேட்சாம். பத்து ஆண்கள் சேர்ந்தால் தனியாக நடத்துவாராம்.

இதுவரை ஆறு பேர். அந்தோணி அண்ணனும் உண்டு. இன்னும் நான்கு பேர் வேண்டும். வில்லியனூர்ப் பக்கம் யார் வருகிறீர்கள்?

கமென்ட்டில் பெயரைப் போடுங்கள். மனைவியைப் போடச் சொல்லாதீர்கள், நீங்களே போடுங்கள்!