பெரிய வியாழனில் கழற்றிய காலுறை

சென்ற ஆண்டு சாம்பல் புதனன்று, அப்போது பதினொன்றாம் வகுப்பு படித்த என் மகள் ஷெரினுக்கு வகுப்பிலேயே மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. அதற்கு முன்பே தினமும் தலைவலி. அடையாறில் நாங்கள் பார்த்த டாக்டர், ரத்த அழுத்தம் மிக அதிகம் என்றார். மாத்திரை கொடுத்தார். குறையவில்லை. இன்னொன்று சேர்த்தார். அதற்கும் குறையவில்லை. சிறுநீரகம் நன்றாக இருந்தது. காரணம் தெரியவில்லை. “இப்படியே போனா மூளைல ரத்தக்கசிவு வரலாம்மா” என்று அவர் சொன்ன நாளில், என் நாட்குறிப்பில் தேதி மட்டும்தான் இருக்கிறது.

ஈஸ்டருக்கு முந்தைய தபசுகாலம் முழுவதும் சாந்தோம் கோயிலில் காலைப் பூசைக்குப் போனேன். ‘ஆண்டவரே, அவள் தலைவலியை எடுத்துவிடும்.’ வேறு மன்றாட்டு இல்லை. பதிலும் இல்லை. ஒருநாள் ஜெபமாலையைப் பாதியில் நிறுத்திப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். வீட்டில் நானும் கணவரும் பேசுவதே குறைந்துபோனது. பேசினால் அழுகைதான் வரும்.

பெரிய வியாழனன்று, பாதம் கழுவும் சடங்குக்கு உட்கார வேண்டிய பெண் ஒருத்தி வரவில்லை. அந்த நாற்காலியில் ஷெரினை உட்கார வைத்தார்கள். சென்னை வெயிலிலும் அவள் காலுறை போட்டிருப்பாள். ஸ்டைல் என்று நினைத்துத் திட்டுவேன். அன்று கழற்றியாக வேண்டியிருந்தது. எங்கள் பங்குச் சாமியார் மீனவர் குப்பத்தில் வளர்ந்தவர். பாதத்தைக் கையில் ஏந்தியவர் நிமிர்ந்து பார்த்தார்.

“இன்னாம்மா, தண்ணி ஊத்தறதுக்கு முன்னாடியே கால் ஐஸாட்டம் கீது?”

“மீன் வாங்கற மாதிரி தொட்டுப் பாக்கறீங்களே, ஃபாதர்!” என்றாள் ஷெரின்.

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தலை வெடிக்கும் பிள்ளைக்குக் கால் ஏன் சில்லிட்டிருக்கிறது?

ஈஸ்டர் முடிந்ததும் டாக்டரிடம் சொன்னேன். அவர் அவள் தொடை இடுக்கில் நாடியைத் தேடினார். வெகுநேரம் தேடினார். பிறகு அழுத்தம் பார்க்கும் பட்டையைக் காலில் சுற்றினார். கையில் இருந்ததில் பாதிகூடக் காலில் இல்லை.

“நான் முதல் நாளே கால்லயும் பாத்திருக்கணும்மா” என்றார்.

ஸ்கேனில் தெரிந்தது. இதயத்திலிருந்து உடலெங்கும் ரத்தம் கொண்டுபோகும் பெருந்தமனி, மார்புக்குள் ஓரிடத்தில் நூலாகச் சுருங்கியிருந்தது. பிறவிக் குறை. இந்த வயதுவரை தெரியாமல் இருப்பது அரிது என்றார்கள். நோய்க்குப் பெயர் கிடைத்ததும் பயம் இன்னும் பெரிதானது. தொடை வழியாகக் குழாயைச் செலுத்தி, பலூனால் விரித்து, ஸ்டென்ட் வைக்க வேண்டும். விரிக்கும்போது தமனி கிழியலாம். கையெழுத்துப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். ‘அவள் கால், ஆண்டவரே, அவள் கால்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சிகிச்சை முடிந்து என்னை உள்ளே விட்டதும் முதலில் அவள் பாதத்தைத்தான் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. என் விரலுக்கடியில் நாடி துடித்தது.

மாத்திரை இன்னும் தொடர்கிறது. பயமும் முழுதாகப் போகவில்லை. ஆனால் இப்போது என் மன்றாட்டில் நான் ஆண்டவருக்கு வழி சொல்லிக்கொடுப்பதில்லை. நான் தலைக்காக அழுதேன். அவர் பாதத்தைக் காட்டினார். ஜெபமாலையைப் பையில் போட்டுவிட்டு எழுந்து வந்தவர்கள் உங்களில் இருந்தால், தயவுசெய்து அதை வெளியே எடுங்கள். நீங்கள் கேட்காத இடத்தில் அவர் கை வைத்திருக்கலாம்.

இன்று பள்ளியிலிருந்து வந்த ஷெரின், காலுறையைக் கழற்றி மூலையில் எறிந்தாள். “சே, காலெல்லாம் வேர்க்குதும்மா.”

ஆண்டவரே, உமக்கு நன்றி.