அரசப்பன் கொடுக்காத ரத்தம்

அரசப்பன் அடிக்கப் போகிறார் என்பது எங்கள் தெருவுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். கைக்கடிகாரத்தைக் கழற்றி டிவி பெட்டியின் மேல் வைப்பார். கதவைச் சாத்த மாட்டார். எதிர்வீட்டில் படித்துக்கொண்டிருந்த நான், பள்ளிக்கூட நாளிலிருந்து பட்டம் வாங்கும்வரை அதைப் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டுப் புத்தகத்துக்குள் தலையைக் குனிந்துகொள்வேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் அவர் ஒப்பந்தத் தொழிலாளி. பழுக்கக் காய்ந்த கம்பியை இடுக்கியால் பிடித்து அடுத்த உருளைக்குள் திருப்பிவிடும் வேலை. முழங்கை வரைக்கும் தீக்காயத் தழும்புகள். மனைவி திலகவதி அவருடைய சொந்த அக்காள் மகள். மகன் அன்புராஜுக்கு ஆறு வயது, தலசீமியா நோய். உடம்பில் ரத்தம் போதுமான அளவு ஊறாததால் மாதம் ஒருமுறை சென்னைக்குப் போய் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். பையன் வெளுத்துப்போகும் நாட்களில் அரசப்பனுக்குக் கை பரபரக்கும். கெட்ட ரத்தத்தைக் கொண்டுவந்தவள் திலகவதிதான் என்பார்.

2007இல் நான் பயோகெமிஸ்ட்ரி முடித்து, சென்னை ஆய்வகம் ஒன்றின் மரபணுத் திட்டத்தில் தற்காலிகக் கள உதவியாளனாகச் சேர்ந்தேன். மனித மரபணுக்களை எழுத்தெழுத்தாகப் படித்து முடித்து நான்கு வருடம் ஆகியிருந்தது. நோயுள்ள குழந்தையின் தாய், தந்தை இருவர் ரத்தத்திலும் எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று தெரிந்துவிட்டால், அடுத்த குழந்தையைக் கருவிலேயே சோதித்துச் சொல்லிவிடலாம். எங்கள் ஊரில் முகாம் போட்டோம். திலகவதி அக்கா பையனோடு முதல் ஆளாக வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார்.

அரசப்பன் வரவில்லை. அவருடைய கேட் பாஸை எடுத்துக்கொண்டு தம்பி சின்னதுரை வந்தான். ஆலையில் அண்ணனுக்குப் பதில் தம்பி ஷிப்ட் பார்ப்பது அவர்களுக்குப் பழக்கம்தான்.

"அண்ணன் டபுள் ஷிப்டுல கீறாரு. ஒரே வயித்துல பொறந்தவங்கதான, எடுத்துக்கோ" என்றான்.

அண்ணன் ரத்தமும் தம்பி ரத்தமும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. ஒரு குடும்பம் குறைந்தால் நான்தான் பதில் சொல்ல வேண்டும். குழாயின் மேல் அரசப்பன் என்று எழுதினேன்.

அறிக்கை ஆங்கிலத்தில் வந்தது. தாயிடம் பழுது இருக்கிறது, தந்தையிடம் இல்லை, தந்தையின் ரத்தம் மறுபடி வேண்டும். அரசப்பன் அதை ஆலை சூபர்வைசரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார். இந்த நோய் வர இரண்டு பக்கமும் பழுது வேண்டும், உன்னிடம் இல்லையென்றால் மிச்சத்தை வீட்டில் போய்க் கேள் என்று அவன் சிரித்திருக்கிறான்.

அன்று அவர் கடிகாரத்தைக் கழற்றவில்லை. திலகவதியைத் தலைமுடியைப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டிவரை இழுத்துவந்தார். குடத்தோடு நின்ற பெண்கள் முன்னால், இந்தப் பிள்ளை யாருக்குப் பிறந்தது என்று கேட்டுக் கேட்டு ரப்பர் குழாயால் விளாசினார். தடுக்க நீட்டிய இடது கையைத் தொட்டியின் சிமெண்ட் விளிம்பில் வைத்து மிதித்தார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

ஓடிப்போய், அது உங்கள் ரத்தமே இல்லை, சின்னதுரை கொடுத்தது என்றேன்.

"அவன் ரத்தம் வேற, என் ரத்தம் வேறயா? அப்ப எங்கம்மாவ இன்னான்னு சொல்ற நீ?"

அரசப்பன் குத்தியதில் என் முன்பல் போனது. விழுந்தவனைச் சின்னதுரையும் உதைத்தான். அவர்கள் தாயை நான் பழித்துவிட்டேன் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். மூன்று வருடம் படித்ததை அந்தத் தெருவில் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. குழாயில் தெரிந்தே பெயர் எழுதியவன் நான் என்பதற்கு வார்த்தை இருந்தது. அதையும் சொல்லவில்லை.

சொல்லிப் புரியவைத்தது திலகவதி. மூன்றாம் நாள், மாவுக்கட்டுப் போட்ட கையோடு அதே தொட்டியடிக்கு வந்தார். அண்ணன், தம்பி இருவரும் அங்கே இருந்தார்கள்.

"ஆயா, உங்கம்மா, செத்தப்புறம் நெலத்த ரெண்டா பிரிச்சீங்களே மாமா, உப்புத்தண்ணி கெணறு யாரு பங்குல வுழுந்துச்சு?"

தன் பங்கில் என்று அரசப்பன் முனகினார்.

"ஒரே நெலந்தான? சின்ன மாமா கெணத்துல நல்ல தண்ணி வருது. அதுக்கோசரம் ஆயாவ யாராச்சும் தப்பா பேசினாங்களா? ரத்தமும் பங்குதான். உன் பங்க நீ போய்க் குடு."

அதற்கும் ஓர் அறை விழுந்தது. ஆனால் மறுவாரம் அவரே என்னிடம் வந்து சட்டைக்கையை மடித்தார்.

அவரிடமும் திலகவதியிடமும் அதே எழுத்துதான் மாறியிருந்தது. நான் படித்துச் சொன்னதும் சுவரைக் குத்தினார், விரல் முட்டி கிழிந்து ரத்தம் வரும்வரை. அதன் பிறகு திலகவதியை அடிக்கவில்லை. பையனை அவரே ரயிலில் தூக்கிப்போனார். ஆனால் அன்று அவர் கேட்ட கேள்வியைத் தெரு மறக்கவில்லை. விளையாட்டில் சண்டை வந்தால் பிள்ளைகள் அன்புராஜிடம் உன் அப்பன் பெயர் என்ன என்றார்கள். திலகவதி புருஷனிடம் கேட்டது ஒன்றுதான்: தெருவில் சொன்னதைத் தெருவிலேயே வாபஸ் வாங்கு. பொங்கல் கழியட்டும் என்றார் அவர்.

மார்கழிக் கடைசியில், உருளையிலிருந்து துள்ளிய செங்கம்பி ஒன்று அவர் வயிற்றில் ஏறி முதுகில் வந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

கருமாதியன்று எங்கள் ஊர் வழக்கப்படி பெரியவர் ஒருவர் எழுந்து, அரசப்பன் யாருக்காவது பாக்கி வைத்திருந்தால் சபையில் சொல்லலாம் என்றார். பெண்கள் பக்கத்திலிருந்து திலகவதி எழுந்தார்.

"எனுக்கு ஒரு வார்த்த பாக்கி கீது."

பெரியவர் தோள்துண்டைச் சரிசெய்துகொண்டு, வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார்.