அரிசி எது, கல் எது

ஒரு காலை நீட்டி, மறுகாலை மடக்கி, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு கெம்பக்கா அரிசியில் கல் பொறுக்குவாள். கண் முறத்தில் இருக்கும், வாய் கல்லோடு பேசும். "நீ எங்க வந்த இங்க?" என்று ஒவ்வொரு கல்லையும் கேட்டு, இடது கை மோதிர விரலால் ஓரத்துக்குத் தள்ளுவாள். அடுத்த கல்லுக்கும் அதே கேள்விதான். கேண்டீன் பின்பக்கம் போகிறவர்கள் யாரைத்தான் திட்டுகிறாளோ என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

ஓசூர் சிப்காட்டில் ரப்பர் வளையம் செய்யும் சின்னக் கம்பெனி எங்களுடையது. நான் அங்கே ஆள் வருகை பதியும் டைம் ஆபீஸ் குமாஸ்தா. சேலத்து வெயிலில் வளர்ந்தவன், எண்பத்து மூன்றில் ஓசூர் குளிருக்கு மப்ளர் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன். அப்போது கேண்டீன் சோற்றில் கல் கிடக்கும். சும்மா இல்லை, தாராளமாகக் கிடக்கும். என் கடவாய்ப் பல் ஒன்று பாதியாக நிற்பது அந்தச் சோறு தந்த வரம். கெம்பம்மா என்கிற கெம்பக்கா வேலைக்கு வந்த பிறகுதான் நாங்கள் பயமில்லாமல் மென்றோம். அந்த நன்றியை நான் இன்றுவரைக்கும் மறக்கவில்லை, பல்லும் மறக்கவில்லை.

கெலவரப்பள்ளி அணைக்குக் கீழே ஒரு ஊர் அவளுக்கு. வீட்டில் கன்னடம், கேண்டீன் மாஸ்டரிடம் தெலுங்கு, எங்களிடம் தமிழ். கோபம் வந்தால் மூன்றும் சேர்ந்து வரும். சிறு வயதிலிருந்தே அந்த ஊர்த் தோட்டம் ஒன்றில் கூலி வேலை பார்த்தவள். புருஷன் ராமப்பன் இன்னும் அங்கேதான் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தான். அங்கே மத்தியானக் களியை வாய்க்கால் ஓரமாக, தனியாக, தன் குண்டானில்தான் சாப்பிட வேண்டும். எங்கள் கேண்டீனில் எல்லோருக்கும் ஒரே பெஞ்சு, ஒரே தட்டு. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவளே சொன்னாள்: "வேல எங்க போனாலும் வேலதாங்க சார். இங்க பெஞ்சுல உங்களாட்டம் உக்காந்து துன்றேன் பாருங்க, இத மட்டும் வுட மாட்டேன்."

அந்த பெஞ்சுக்குத்தான் ஆபத்து வந்தது. எண்பத்தெட்டு தீபாவளி சமயம், கேண்டீன் காண்டிராக்டர் மாதப்பன் இனிமேல் கல் நீக்கிய அரிசிதான் வாங்கப்போவதாகச் சொன்னார். மில்லிலேயே சுத்தமாகி மூட்டையாக வந்துவிடுமாம். நாங்கள் தட்டைத் தட்டினோம். கெம்பக்கா மட்டும் முறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாதப்பன் கெட்ட மனிதர் இல்லை. பொங்கல் வரைக்கும் இரு, அப்புறம் பார்க்கலாம் என்றார். காண்டிராக்டர் வாயிலிருந்து வரும் 'பார்க்கலாம்' என்பதற்கு என்ன அர்த்தம் என்று சிப்காட்டில் எல்லோருக்கும் தெரியும்.

கல் பொறுக்குகிற நேரம் போக, டீ கொண்டுபோய்க் கொடுப்பதும் அவள்தான். ரப்பரை அச்சில் அழுத்தி வளையமாக்கும் பிரஸ் ஓடும் இடத்தைத் தாண்டினால் இன்ஸ்பெக்‌ஷன் மூலை. டியூப் லைட்டுக்குக் கீழே மேஜைமேல் வளையங்களைக் கொட்டி, பிசிறு, குமிழி, வெட்டு உள்ளதையெல்லாம் கண்ணால் பார்த்து ஒதுக்க வேண்டும். கம்பெனியிலேயே யாருக்கும் பிடிக்காத வேலை அது. சூப்பர்வைசரை எதிர்த்துப் பேசினால் அங்கேதான் தூக்கிப் போடுவார்கள். அப்போது ஐ.டி.ஐ. படித்த இரண்டு பேர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தார்கள். கெட்டிலோடு போன கெம்பக்கா வெகுநேரம் நின்று பார்த்தாள்.

"இன்னா சார், கல்லு பொறுக்கறீங்களா?"

அந்தப் பிரிவின் சூப்பர்வைசர் மூர்த்தி சிரித்தான். திருநெல்வேலிக்காரன், என் அறைத் தோழன். ஆள் கணக்கு எடுக்கப் போயிருந்த நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மறுநாள் மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, முறத்தோடு வந்து நின்றாள். வளையங்களை முறத்தில் போட்டு ஒரு கொழி கொழித்தாள். அவை பரந்து படிந்தன. மோதிர விரல் வேலையை ஆரம்பித்தது. "நீ எங்க வந்த இங்க?" ஒரு பிசிறு வளையம் ஓரத்துக்குப் போயிற்று.

இப்படியே தினமும் வந்தாள். யாரும் கூப்பிடவில்லை, கூலியும் கேட்கவில்லை. பொங்கலுக்கு அப்புறம் எங்கே உட்காருவது என்று அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது, எங்களுக்குத்தான் புரியவில்லை. மார்கழி பிறந்ததும் மூர்த்தி மேனேஜரிடம் பேசி, ஒரு தடவை அனுப்பும் சரக்கை, ஒரு லாட்டை, முழுசாக அவளிடமே விட்டான். ஐ.டி.ஐ. ஆட்கள் பிரஸ்ஸுக்குத் திரும்பிப் போன சந்தோஷத்தில் எனக்குக்கூட டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

அந்த லாட் பெங்களூர் போய், அப்படியே திரும்பி வந்தது. வளையங்களின் உள்பக்கம் மயிர் போல ஒரு கோடு. ஒன்றில் இரண்டில் இல்லை, எல்லாவற்றிலும். மேனேஜர் போட்ட சத்தம் டைம் ஆபீஸ் ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது. அந்தம்மாவை இன்றைக்கே கேண்டீனுக்கு அனுப்பு என்றார். கேண்டீனில் புது அரிசி மூட்டைகள் ஏற்கெனவே வந்து அடுக்கியாயிற்று.

திரும்பி வந்த சரக்கை வாசல் கேட்டில் பதிந்துவிட்டு நான் உள்ளே போனபோது, கெம்பக்கா பெட்டிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருந்தாள். முறம் கவிழ்ந்து கிடந்தது. அவள் ஒதுக்கிப் போட்ட வளையங்கள் பழைய டால்டா டப்பா ஒன்றில் இருந்தன. மூர்த்தி அதைக் கொட்டிப் பார்த்தான். அதில் இருந்த வளையங்களில் பாதிக்கு மேல் கோடே இல்லை. அவ்வளவும் நல்ல சரக்கு.

"கோடு எல்லாத்துலயும் கீதே சார்?" என்று கேட்டாள்.

"ஆமா, அதத்தானக்கா சொல்லுதேன்."

"எல்லாத்துலயும் இருந்தா, அது அரிசிதான சார்?"

மூர்த்தி தலையில் கையை வைத்துக்கொண்டு ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டான். அவள் கண் பழகினது அப்படி. முறத்தில் நிறைய இருப்பது அரிசி, கொஞ்சமாக, வேறு மாதிரி இருப்பது கல். அந்த லாட்டில் ஒரு அச்சில் கீறல் விழுந்து, வளையமெல்லாம் கோட்டோடு வந்திருந்தது. வேறு அச்சிலிருந்து வந்து கலந்த நல்ல வளையங்கள்தான் கொஞ்சம். அவற்றைத்தான் நீ எங்க வந்த இங்க என்று கேட்டுக் கேட்டு ஒதுக்கியிருக்கிறாள். ஒரு தப்பு எவ்வளவு ஒழுங்காக நடக்க முடியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"யக்கா, இங்க சில நாள் அரிசியே கல்லாப் போவும்," என்றான் மூர்த்தி. கோபம் போயிருந்தது.

அவள் கையை நீட்டினாள். "அப்ப எது அரிசின்னு எனக்கு ஒண்ணு குடுத்துட்டுப் போங்க சார். அத பக்கத்துல வச்சிக்கினு பாக்கறேன்."

டப்பாவிலிருந்து கோடில்லாத வளையம் ஒன்றை எடுத்து, சட்டையில் துடைத்து, அவள் உள்ளங்கையில் வைத்தான். அவள் அதைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். மூர்த்தி மாடிக்கு மேனேஜர் அறைக்குப் போனான். அங்கே என்ன பேசினான் என்று இதுவரை என்னிடம் சொன்னதில்லை. காது சிவந்துபோய் இறங்கி வந்தான். பொங்கல் வரைக்கும் இருக்கட்டுமாம் என்றான்.

அதற்கப்புறம் கெம்பக்கா முதலில் முடிச்சை அவிழ்ப்பாள், பிறகுதான் முறத்தைத் தொடுவாள். நல்ல வளையத்தை ஓரமாக வைத்துக்கொண்டு, அதையும் லாட்டையும் மாறி மாறிப் பார்ப்பாள். எல்லா வளையத்திலும் ஒரே மாதிரி குறை தெரிந்தால் விரலால் தள்ளிக்கொண்டிருக்க மாட்டாள். இரண்டை எடுத்துக்கொண்டு நேராகப் பிரஸ்ஸுக்குப் போய் ஆபரேட்டர் மூக்குக்கு நேரே நீட்டுவாள். "இது கல்லு இல்லப்பா, நெலமே கெட்டுக் கீது. மிஷின நிறுத்திப் பாரு." முன்பெல்லாம் சாயங்காலம் வரை ஓடிக் குவிந்தபின் தெரிகிற குறை, இப்போது டீ வருவதற்குள் தெரிந்தது. பிரஸ் ஆட்கள் முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு அவள் வருவதைக் கண்டதும் தாங்களே சுவிட்சை அணைத்தார்கள்.

பொங்கல் வந்தது, போனது. யாரும் பார்க்கலாம் என்று சொல்லவில்லை. அடுத்த வருஷம் பர்மனென்ட் ஆனாள். கார்டில் பெயர் எழுதியவன் நான்தான். கெம்பம்மா, இன்ஸ்பெக்‌ஷன் என்று படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள், படித்தேன். அப்புறம் பேரிகையிலிருந்தும் தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்தும் பெண்கள் வேலை கேட்டு வந்தபோது, மூர்த்தி சர்டிபிகேட் கேட்டான். அவள் முறத்தில் அரிசியும், தானே பொறுக்கி வந்து கலந்த கல்லும் போட்டுக் கொடுத்தாள். நாங்கள் கிண்டல் செய்தோம். அந்தக் கிண்டலும் அந்தக் குளிரும் இப்போது நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது.

தொண்ணூற்றிரண்டில் நான் சேலம் திரும்பிவிட்டேன். போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக ஓசூர் போனவன், கம்பெனிக்கும் எட்டிப்பார்த்தேன். குளிர் குறைந்துவிட்டது, கட்டடங்கள் கூடிவிட்டன. மூர்த்திக்குத் தலை வழுக்கை. கேண்டீனில் சாப்பிட வைத்தான். கெம்பக்கா எதிரே அதே பெஞ்சில் உட்கார்ந்து, உங்களுக்கு இனிமே பல்லு போனா வயசாலதான் சார் போவும் என்றாள். தலை முழுக்க நரை.

சாப்பிட்டபின் இன்ஸ்பெக்‌ஷனுக்குக் கூட்டிப்போனார்கள். மூலையாக இருந்தது இப்போது பெரிய ஹால். நீளமான மேஜை, இரண்டு பக்கமும் பெண்கள், தலைப்பக்கம் கெம்பக்காவுக்கு நாற்காலி. புது லாட் ஒன்றைக் கொட்டினார்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் புது மாதிரி வளையம் தட்டில் தயாராக இருந்தது. இருந்தும் அவள் புடவைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்தாள். அந்தப் பழைய வளையம், இறுகி, வெளுத்துப்போயிருந்தது. இப்ப அதுக்கு ஒரு வேலையும் கெடையாதுல என்று மூர்த்தி என் காதில் சொன்னான்.

அவள் இடது கை மோதிர விரலால் மற்ற வளையங்களைக் கொஞ்சம் நகர்த்தி, அவற்றுக்கு நடுவே அதை உட்கார வைத்தாள்.