அத்தா போட்ட மூக்குத்தி

என் தகப்பனார், நான் அத்தா என்று கூப்பிட்டவர், போன மாதம் இறந்துபோனார். மையத்தை, கிடத்தியிருந்த உடலைப் பார்க்க வந்தவர்கள் சில விஷயங்களைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். மதார் சாகிபு பொய் பேசாதவர். எவருக்கும் பயப்படாதவர். சாப்பாட்டில் ஆசை இல்லாதவர். எல்லாமே தவறு. நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை பார்க்கிறேன். தவறான ரிப்போர்ட் வெளியே போனால் எனக்குத் தூக்கம் வராது. அதனால் எழுதுகிறேன்.

அத்தா படம் பிடிப்பவர். மலாயாவின் கோலசிலாங்கூர் கடைத்தெருவில் ஒரு துணிக்கடைக்குப் பின்னால் அவருடைய இருட்டறை இருந்தது. ஆனால் அவர் கடையில் இருந்த நாட்கள் குறைவு. காமிராப் பெட்டி, முக்காலி, சுருட்டிய திரைச்சீலை எல்லாவற்றையும் பஸ்ஸின் மேல் ஏற்றிக்கொண்டு புக்கிட் பெலிம்பிங்கில் தொடங்கி சபாக் வரை தோட்டம் தோட்டமாகப் போவார். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் திரையைக் கட்டுவார். கல்யாணம், காதுகுத்து, ஊருக்கு அனுப்பும் குடும்பப் படம், எல்லாம் அந்தத் திரைக்கு முன்னால்தான்.

திரையை வரைந்தவர் ஒரு சீனர், கடைப்பலகை எழுதுகிறவர். அரண்மனைத் தூண்கள், ஏரி, ஏரியில் ஓர் அன்னம். தூணையும் ஏரியையும் அவர் எங்கோ பார்த்திருக்க வேண்டும். அன்னத்தைப் பார்த்ததில்லை. வாத்தின் கழுத்தைப் பிடித்து யாரோ இழுத்துவிட்டதுபோல் இருக்கும். அத்தாவுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. "தாஜ்மகால்லகூட இப்படி ஒரு பறவை கெடையாது" என்பார். அது ஒன்று உண்மை.

நாற்பத்தெட்டில், காட்டுக்குள் போய்ச் சண்டையிட்ட கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் அவசரகாலம் கொண்டுவந்தார்கள். எல்லோருக்கும் படம் ஒட்டிய அடையாள அட்டை வேண்டும் என்று அரசாங்கம் சொன்னது. தோட்டங்களில் படம் பிடிக்கும் வேலை அத்தாவுக்குக் கிடைத்தது. பின்னணி வெறுமையாக இருக்க வேண்டும் என்பது உத்தரவு. புதுத் துணி வாங்க மனமில்லாமல் திரையைத் திருப்பிக் கட்டினார். சாயம் பின்பக்கம் ஊறியிருந்தது. வடக்கு சிலாங்கூரில் பலருடைய அட்டையில் காதுக்குப் பக்கத்தில் ஒரு கழுத்து மங்கலாக எட்டிப் பார்க்கும்.

அதுகூடப் பரவாயில்லை. அத்தா படங்களுக்கு 'டச்சிங்' செய்பவர். நெகட்டிவில் மெல்லிய மருந்தைத் தடவி, கூரான பென்சிலால் அம்மைத் தழும்பின் குழிகளை ஒவ்வொன்றாக அடைப்பார். பிரிண்டில் கன்னம் வழவழப்பாக வரும். மையால் ஒரு புள்ளி வைத்தால் பிரிண்டில் அது வெள்ளையாக மின்னும். கம்மல், மூக்குத்தி, அட்டிகை எது கேட்டாலும் போடுவார். மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் படத்தில் அது தொழில் மரியாதை. மாறுகண்ணை நேராக்காத படக்காரரிடம் யாரும் இரண்டாவது தடவை போக மாட்டார்கள்.

அரசாங்க அட்டைக்கும் அவர் அதையே செய்தார். லயத்தில் யாரும் அதைத் தவறு என்று நினைக்கவில்லை. காட்டில் இருப்பவர்களைப் பிடிப்பதற்கான அட்டை என்று அரசாங்கம் நினைத்தது. வாழ்க்கையில் முதல்முறையாகத் தனியாக ஒரு படம் என்று லயம் நினைத்தது.

சபாக் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால்மரம் சீவும் சின்னத்தாய் அப்படித்தான் உட்கார்ந்தார். முகமெல்லாம் அம்மை வார்த்த குழி.

"பாய், இந்தக் குழியெல்லாம் தெரியாம புடிங்க லா."

"தங்கச்சி, நீ சும்மா ஒக்காரு. ஒன்னைய ராணியாக்கி அனுப்புறேன்."

"ராணின்னா மூக்குத்தி இருக்கும்ல?"

"போட்டுட்டா போச்சு."

போட்டார்.

அட்டை வந்தது. தோட்டத்து வாசலில் காவல் இருந்தவர்களுக்கு எல்லோரையும் தெரியும். யாரும் படத்தைப் பார்க்கவில்லை. இப்படியே இரண்டு மூன்று வருடங்கள் ஓடின.

அத்தாவின் பயணங்களும் ஓடின. ஊர்களை அவர் பெயரால் நினைவு வைத்திருக்கவில்லை, சட்டியால் நினைவு வைத்திருந்தார். தஞ்சோங் காராங் என்றால் புது நெல்லுச் சோறு. செகிஞ்சான் என்றால் கருவாட்டுச் சம்பல். சபாக் என்றால் தேங்காய்ப்பாலில் வெந்த முருங்கைக்கீரை. கோழி அடிக்கிற நாளில் தோட்டத்தில் இருந்தால், பிஸ்மி சொல்லித் தானே அறுத்துக் கொடுப்பார், தொடைக்கறியையும் தானே எடுத்துக்கொள்வார். அந்தக் காலத்தில் லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். அரிசி பங்கீடு. காட்டில் இருப்பவர்களுக்குப் போய்விடும் என்று, ஒரு பொட்டலம் சோற்றைக்கூட வாசலைத் தாண்டி எடுத்துப்போக முடியாது. அத்தா சாப்பாடு எதுவும் எடுக்காமல் உள்ளே போய், எதுவும் எடுக்காமல் வெளியே வருவார். இடையில் லயத்துக்காரர்கள் தங்கள் பங்கிலிருந்து அவருக்குச் சோறு போட்டார்கள். ஒருவரும் காசு வாங்கவில்லை.

ஒருநாள் சின்னத்தாய் பல்வலிக்கு மருந்து வாங்க சபாக்குக்குப் போனார். வழியில் புதிதாக ஒரு தடுப்பு. பாலஸ்தீனத்தில் வேலை பார்த்துவிட்டு வந்த வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் ஒருவர் அட்டையை வாங்கிப் பார்த்தார். படத்தில் வழவழப்பான முகம், மின்னும் மூக்குத்தி. எதிரே நின்ற பெண்ணுக்கு முகமெல்லாம் குழி. மூக்குத்தி இல்லை. மூக்கில் ஓட்டையே இல்லை.

அட்டையில் கட்டைவிரல் ரேகையும் உண்டு. சின்னத்தாயின் விரல் ரேகையை உளியும் பாலும் தேய்த்திருந்தன. அட்டையில் இருந்தது ஒரு மைத்திட்டு. அடுத்தவர் அட்டையில் காட்டுக்குச் சாமான் கடத்தும் பெண் என்று நிலையத்தில் அடைத்தார்கள். கணவர் இருசப்பன் ஓடினார். தோட்டத்துக் கணக்கரான கிராணியும் போய்ச் சொன்னார். உங்கள் ஆட்களுக்காக நீங்கள் எதையும் சொல்வீர்கள், படம் பொய் சொல்லாது என்றார் இன்ஸ்பெக்டர். திங்கட்கிழமை லோரி வரும், விசாரணை இல்லாமல் தடுப்பு முகாமுக்கு அனுப்பிவிடுவோம் என்றும் சொன்னார்.

படம் பிடித்தவரை அழைத்தார்கள். அத்தா கைகட்டி நின்றார். இன்ஸ்பெக்டர் மலாயில் கேட்டார். கம்பிக்கு அந்தப் பக்கம் சின்னத்தாய்.

"இது நீ எடுத்த படமா?"

"ஆமா துவான்."

"எதையாவது மாற்றினாயா?"

அரசாங்க அட்டையில் கைவைத்தால் என்ன தண்டனை என்று அத்தாவுக்குத் தெரியாது. தெரியாததுதான் பயம். "இல்ல துவான். காமிரா முன்னால உள்ளதுதான் படத்துல வரும்."

சின்னத்தாய் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "அடப்பாவி பாய்! நீதானே மூக்குத்தி போடுறேன்னு சொன்ன!"

அவர் தமிழில் கத்தியது இன்ஸ்பெக்டருக்குப் புரியவில்லை. அத்தா மொழிபெயர்க்கவில்லை. வெளியே வந்து சைக்கிளை இரவல் வாங்கி, காமிராப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போய்விட்டார். அங்கே ஒரு பெயர் வைக்கும் விழா. படம் எடுக்க வேண்டும், முக்கியமாகச் சாப்பிட வேண்டும்.

செய்தி அவருக்கு முன்னால் போயிருந்தது. படம் எடுத்து முடித்து, இலை போடுகிற இடத்துக்குப் போனார். அந்த லயத்துத் தாயம்மா சட்டியை மூடினார்.

"சோறு இல்ல பாய்."

"வாசம் அடிக்குதே அக்கா."

"வாசத்த வேணும்னா புடிச்சிக்கங்க, காசு வேணாம். சின்னத்தாயி வந்து பொங்குவா, அப்ப வாங்க."

அடுத்த தோட்டத்திலும் அதே. அதற்கடுத்த தோட்டத்தில் ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்தார்கள். செகிஞ்சானில் ஒரு கிழவர், "படத்துல நல்லா சாப்புட்ட மாதிரி வரஞ்சிக்க பாய், ஒனக்குத்தான் தெரியுமே" என்றார். கடையில் ரொட்டி வாங்கித் தின்றுகொண்டே பஸ் பிடித்து வீடு வந்தார். மீன்காரர் மூலம் கதை எங்கள் வீட்டுக்கும் வந்திருந்தது. அம்மா ஹமீதா அதிகம் பேசாதவர்.

"அங்க ஒரு பொம்பள கூண்டுல இருக்கா. இங்க ஒங்களுக்கு சோறும் மீனாணமும் கேக்குதோ?"

"போயி சொன்னா என்னையும் உள்ள வப்பான் புள்ள."

"வக்கட்டும். அங்க சோறு போடுவாங்கல்ல?"

அடுப்பு எரியவில்லை. அத்தாவின் மனசாட்சி விழித்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆதாரம் இல்லை. விழித்தது வயிறு. ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் நெகட்டிவை ஓர் உறையில் போட்டு, ஒரு சிறு புட்டியில் டர்பன்டைனும் கொஞ்சம் பஞ்சும் எடுத்துக்கொண்டு, வழக்கம்போல் காமிராப் பெட்டியையும் முக்காலியையும் மேலே ஏற்றிவிட்டு சபாக் பஸ்ஸில் ஏறினார்.

நிலையத்தில் இன்ஸ்பெக்டரின் மேசைமேல் நெகட்டிவை வைத்தார். பஞ்சை நனைத்துக் கன்னத்தின் மேல் தடவினார். பென்சில் கரைந்து பஞ்சு கறுத்தது. மூக்கின்மேல் இருந்த மைப்புள்ளியை நகத்தால் சுரண்டினார். பிறகு ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். சின்னத்தாயின் குழிகள் எல்லாம் ஒளிப் பொட்டுகளாகத் திரும்பி வந்தன.

இன்ஸ்பெக்டர் நெகட்டிவைப் பார்த்தார், கம்பிக்குப் பின்னால் இருந்த முகத்தைப் பார்த்தார்.

"இதுமாதிரி இன்னும் எத்தனை அட்டை?"

"எல்லாமே, துவான்."

"எல்லாமே என்றால்?"

"புக்கிட் பெலிம்பிங்லேர்ந்து இங்க வரைக்கும்."

அரசாங்கத்தின் கோப்புகளில் வடக்கு சிலாங்கூர் முழுவதும் தழும்பில்லாத, மாறுகண் இல்லாத, நகை போட்ட ஜனங்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அதை மேலிடத்துக்குச் சொன்னால் அத்தனை அட்டையையும் திரும்ப வாங்க வேண்டும். அந்த வேலை யார் தலையில் விழும் என்று இன்ஸ்பெக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு போ, இனி அரசாங்கப் படம் எடுக்காதே, இந்தப் பெண்ணுக்கு மட்டும் புதிதாக ஒன்று எடு, இப்போதே எடு என்றார். ராஜ்ஜியத்தின் பாதுகாப்பு அப்படியாகக் காப்பாற்றப்பட்டது.

அங்கேதான் புதுச் சிக்கல். சின்னத்தாய் நாற்காலியில் உட்கார மறுத்தார்.

"இந்த மூஞ்சியையா? மாட்டேன். லோரி வரட்டும், நான் போறேன்."

இருசப்பன் கெஞ்சினார். "ஏய், முகாமுக்குப் போனா திரும்பி வருவியோ மாட்டியோ. ஒக்காரும்மா."

"நீ பேசாத. கல்யாணத்துக்கு முந்தி எம் படத்தப் பாத்துத்தானே தலையாட்டுன? அதையும் இந்த பாய்தான் எடுத்தாரு."

இருசப்பன் வாய் பிளந்து அத்தாவைப் பார்த்தார். அத்தா முக்காலியைச் சரி செய்தார்.

கடைசியில் சின்னத்தாய் உட்கார்ந்தார். ஒரு நிபந்தனை. முந்தானையைச் சரிசெய்து, தலைக்கு எண்ணெய் தடவிச் சீவிய பிறகுதான். அந்த வெள்ளைக்காரர் தேங்காய் எண்ணெய்க்கு ஆள் அனுப்பினார். படத்தில் சின்னத்தாய் காமிராவைப் பார்க்கவில்லை, அதற்குப் பின்னால் நின்ற அத்தாவைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு எந்தப் பென்சிலும் பத்தாது என்பார் அம்மா.

மத்தியானம் லயத்துக்குத் திரும்பினார்கள். அத்தாவும் பின்னாலேயே போனார். யாரும் கூப்பிடவில்லை, போனார். சின்னத்தாய் குளித்துவிட்டு வந்து உலை வைத்தார். அக்கம்பக்கத்தவர்கள் உட்கார்ந்தார்கள். வரிசையின் கடைசியில் அத்தா. எல்லோருக்கும் மீன் துண்டு வைத்துக்கொண்டே வந்த சின்னத்தாய், அத்தாவின் தட்டில் சோற்றைப் போட்டு, சட்டியின் அடியில் கிடந்த தலையையும் முள்ளையும் வழித்து வைத்தார்.

"சாப்புடு பாய். உள்ளதுதான் வரும்."

அத்தா தலையைக் குனிந்து சாப்பிட்டார். முள்ளைச் சப்பினார். தட்டை வழித்தார்.

"எப்படி இருக்கு?"

"ருசியா இருக்கு தங்கச்சி."

இதெல்லாம் இருசப்பன் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னது. அன்றைக்கு அத்தா சொன்ன ஒரே பொய் அது என்று அம்மா கடைசிவரை சொல்லிச் சிரிப்பார். எனக்கு அப்படிப் படவில்லை. அவ்வளவு பசியில் அது உண்மையாகவே இருந்திருக்கும். கேட்டுப் பார்த்துவிடலாம் என்றால், ஆள் இல்லை.