சாய்ந்த கயிறு

தெருவில் அவளுக்குப் பெயர் பாட்டிலக்கா. தோளில் பாட்டில் பெட்டியோடு அவள் வந்தாலே, ஏரியைக் காலி பண்ணிட்டீங்களா என்று சைக்கிள் கடைக்காரர் வம்புக்கு இழுப்பார். உங்க வீட்டுக் குழாய்க்குக் கொஞ்சம் மிச்சம் வச்சிருக்கேன் என்று அவளும் திருப்பிக் கொடுப்பாள்.

தண்ணீர் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஏரி நடுவே படகை நிறுத்தி, மீட்டருக்கு ஒரு சிவப்புக் கோடு போட்ட கயிற்றில், இரு பக்கமும் திறந்த குழாய் ஒன்றை இறக்குவாள். வேண்டிய ஆழம் வந்ததும் கயிறு வழியாக ஒரு சின்ன இரும்புக் குண்டை நழுவவிடுவாள். அது போய் இடித்ததும் குழாய் மூடிக்கொள்ளும். அந்த ஆழத்துத் தண்ணீர் அப்படியே கைக்கு வரும். மேலே ஒரு தண்ணீர், நடுவில் வேறொன்று, அடியில் மீனுக்கு மூச்சே கிடைக்காத இன்னொன்று. ஒரே ஏரிக்குள் மூன்று ஏரி என்று தம்பியிடம் வாய் ஓயாமல் சொல்வாள்.

அந்தத் தம்பி அதே ஏரியில் வலைக்கூண்டு கட்டி மீன் வளர்த்தான். அம்மா அப்பா போன பிறகு அவளே ஊட்டி ஆளாக்கிய பிள்ளை. வெயில் கொளுத்தியதில் மேல்தண்ணீர் சுட்டது, மீன்கள் வாயைப் பிளந்தன. கூண்டை எவ்வளவு ஆழத்துக்கு இறக்கலாம் என்று அக்காவைத்தான் கேட்டான். அவள் போய் அளந்துவிட்டு வந்து, ஆறு மீட்டரில் ஆக்சிஜன் நன்றாக இருக்கிறது, தைரியமாக இறக்கு என்றாள்.

மறுநாள் காலையில் வலையைத் தூக்கினால், அத்தனையும் செத்துக் கிடந்தன.

எல்லோரும் வெயிலைத் திட்டினார்கள். தம்பியும்தான். அவள் மட்டும் திட்டவில்லை. அவள் அளந்த அன்று காற்று. நங்கூரம் பிடிக்காமல் படகு நழுவ, கயிறு சாய்ந்து போனது. ஆறு கோடு உள்ளே போயிருந்தாலும் குழாய் நாலு மீட்டரைத் தாண்டியிருக்காது. சாய்வைப் பார்க்க வேண்டும் என்று தெரியாதவளா? தம்பி காத்திருக்கிறானே என்ற அவசரம். காற்றில்லாத நாளில் மறுபடி அளந்தாள். ஆறு மீட்டரில் ஆக்சிஜன் இல்லவே இல்லை.

சொல்லாமல் இருந்திருக்கலாம். அவளால் முடியவில்லை. தம்பி வீட்டு வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"காத்து அடிக்குதுன்னு தெரியும்ல, அக்கா?"

"தெரியும்டா."

"அப்புறம் ஏன் தைரியமா இறக்குன்னு சொன்னே?"

அவன் வாசற்படியில் உட்கார்ந்தான்.

"வெயில்னு நினைச்சப்போ தூங்கவாவது முடிஞ்சுது. இப்போ உன்னைப் பாத்தா அந்த மீனுங்கதான் தெரியுது. கொஞ்ச நாளைக்கு இங்க வராதே."

கத்தியிருந்தால்கூடத் தேவலை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற குரலில் சொன்னான், பாவி.

அவள் இன்னமும் ஏரிக்குப் போகிறாள். குழாயில் கூடுதலாக ஒரு இரும்புக்கட்டி கட்டி, கயிறு நேராக நிற்கும்வரை காத்திருக்கிறாள். போன வாரம், பிரித்த கூண்டுகளை ஏற்றிக்கொண்டு தம்பியின் படகு பக்கத்தில் வந்தது. சாப்பிட்டியாடா என்று கேட்க வாயெடுத்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு துடுப்பை இன்னும் வேகமாகப் போட்டான்.