விசைப்பலகையின் இடது பக்கம்

அந்த வரி இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது. கணினியின் கறுப்புத் திரை, வெள்ளை எழுத்துகள். லைட்ஹவுஸ் என்ற பெயருக்கு எதிரே, எந்தச் சொல்லிலும் சேராத ஆங்கில எழுத்துகள் கூட்டமாக, இடைவெளியின்றி நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அதற்குக் கீழே யாரோ சிரித்திருந்தார்கள். ஆக்லாந்தின் தெற்கே, பாபகூராவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டறை மூலையில், ஞாயிற்றுக்கிழமைக் காலை, தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நான் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் நானும் சிரித்தேன் என்றுதான் நினைவு. பிறகு சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

அது தொண்ணூறுகளின் பிற்பகுதி. என் கணவர் எல்லர்ஸ்லியில் ஒரு அலுவலகத்தில் பொறியியலாளர். வேலைக்கு உதவும் என்று அவர் வீட்டுக்குக் கணினியும் இணைய இணைப்பும் எடுத்தார். ஆனால் அவரைவிட நான்தான் அதன் முன்னால் அதிகம் இருந்தேன். எனக்கு மருத்துவமனையில் தாதி வேலை. பக்கவாதம் வந்தவர்களைப் பராமரிக்கும் பிரிவு. வார இறுதியில் ஓய்வு கிடைத்தால் ஒட்டாரா சந்தைக்குப் போய்க் கீரையும் மரவள்ளியும் வாங்கி வருவேன். அப்படிப் போன ஒரு நாள், பழைய சாமான் விற்றவரின் பிஸ்கட் டின் ஒன்றுக்குள் கறுத்துப்போன பெரிய செப்புக் காசுகளைக் கண்டேன். பிரித்தானியப் பென்னிகள். நியூசிலாந்து தனக்கென்று காசு அடிக்கத் தொடங்குமுன் அந்தக் காசுகள்தான் இங்கேயும் புழங்கின என்று பிறகு தெரிந்துகொண்டேன். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: ஒரு பக்கம் அரசியின் தலை, மறுபக்கம் கேடயத்தோடும் சூலத்தோடும் கடலோரம் அமர்ந்திருக்கும் ஒரு பெண். அவளுக்குப் பின்னால் நகத்தளவுகூட இல்லாத ஒரு கலங்கரை விளக்கம். எனக்கு அது பிடித்துவிட்டது. டின்னோடு வாங்கி வந்தேன்.

இந்தக் காசுகளைப் பற்றி யாரிடம் கேட்பது என்று தேடிப்போய்த்தான் அந்த அரட்டை அறையைக் கண்டுபிடித்தேன். பிரித்தானியக் காசு சேர்ப்பவர்கள் வாரம் ஒருமுறை அங்கே கூடுவார்கள். அவர்களுக்குச் சனி இரவு, எனக்கு ஞாயிறு காலை. லங்காஷயரில் ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர் ஒருவர், வேல்ஸில் மதுக்கடை வைத்திருந்த ஒருவர், கனடாவிலிருந்து எப்போதாவது எட்டிப் பார்க்கும் சிலர். இவர்கள் எல்லோருக்கும் நடுவில் லைட்ஹவுஸ். காசில் அந்தக் கலங்கரை விளக்கத்தை எடுத்தார்கள், பல வருடம் கழித்துத் திரும்ப வைத்தார்கள். எடுத்தது நாணயச்சாலை செய்த பெரும்பிழை என்று ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒரு சாக்கில் சொல்லாமல் அவர் போகமாட்டார். அதனாலேயே அந்தப் பெயர்.

என்னை அந்த அறைக்குள் சேர்த்துக்கொண்டவர் அவர்தான். வந்த புதிதில், எங்கள் வீட்டுப் பித்தளை விளக்கைத் துலக்குவதுபோல ஒரு பென்னியைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டேன் என்று பெருமையாக எழுதினேன். அறை அப்படியே உறைந்துபோனது. காசைக் கழுவவே கூடாது என்பது அவர்களுக்குக் கோயிலுக்குள் செருப்போடு போகக்கூடாது என்பது மாதிரி. லைட்ஹவுஸ் மட்டும் எழுதினார்: "நண்பரே, நூறு வருடமாக அரசி போட்டிருந்த சட்டையை நீங்கள் உரித்துவிட்டீர்கள். பாவம், அவருக்குக் குளிரும். இனிமேல் செய்யாதீர்கள். சரி, அந்தப் புளி என்பது என்ன? சாப்பிடலாமா?" அன்று காசைப் பற்றிப் பாதியும் ரசம் வைப்பதைப் பற்றிப் பாதியுமாகக் கதைத்தோம். அதற்குப் பிறகு நான் ஒரு வாரமும் தவறியதில்லை. தேய்ந்த எழுத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் வாசிப்பது, அசலையும் போலியையும் விளிம்பில் பிரித்தறிவது என்று அவர் சொன்னதெல்லாம் எனக்கு விளையாட்டாகவே ஏறியது.

இணைப்பு கணவரின் பெயரில் இருந்தது. அறையிலும் அவருடைய பெயரின் முதலெழுத்துகளே நின்றன. ஆக்லாந்துப் பொறியியலாளர் என்று அவர்களே தீர்மானித்துக்கொண்டார்கள். "ஐயா", "மிஸ்டர்" என்று கூப்பிட்டார்கள். திருத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அங்கே முகத்துக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. லைட்ஹவுஸின் பென்னி ஒன்றில் அரசியின் காதோரம் எப்படிக் கீறல் விழுந்திருந்தது என்று எனக்குத் தெரியும். அவருடைய பெயர் தெரியாது. அது ஒரு குறையாக யாருக்கும் படவில்லை.

அன்றைய பேச்சு எட்வர்ட் அரசர் காலத்துப் பென்னி ஒன்றைப் பற்றி. அந்த வருடத்துக் காசுகள் சிலவற்றில், அமர்ந்திருக்கும் பெண்ணுக்குப் பின்னால் கடல்மட்டம் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். அவை அபூர்வம். மதுக்கடைக்காரர் தன்னிடம் அப்படி ஒன்று இருப்பதாகச் சொல்ல, லைட்ஹவுஸ் விடாமல் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தார். கடல் அவளுடைய காலில் எந்த இடத்தில் தொடுகிறது, முழங்காலிலா, கீழேயா என்று கேட்டுக்கொண்டு வந்தவர், கடல் என்று வரவேண்டிய இடத்தில், ஆட்கள் உட்காரும் கதிரை என்று எழுதினார். அடுத்த வரியிலும் கதிரை. "கதிரை உயரமாக இருக்கிறதா, தாழ்வாக இருக்கிறதா?" என்று கோபமாகக் கேட்டார். அதன் பிறகுதான் அந்த எழுத்துக்கூட்டம் வந்தது.

"சனிக்கிழமை இரவு, விஸ்கி பேசுகிறது" என்று மதுக்கடைக்காரர் எழுதினார். மற்றவர்கள் சிரித்தார்கள். மறுபடியும் ஒரு வரி வந்தது, அதுவும் குப்பை எழுத்து. ஆனால் வரிகளுக்கு இடையிலான நேரம் நீண்டுகொண்டே போனது. நான் காரணம் தெரியாமலே குனிந்து என் விசைப்பலகையைப் பார்த்தேன். திரையில் இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுத் தேடினேன். எல்லாமே இடது பக்கத்தில் இருந்தன. ஒரு எழுத்துக்கூட வலது பாதியில் இல்லை.

 வலது கை விழுந்துவிட்டது. சொல் மாறிப்போகிறது. வார்டில் நான் தினமும் பார்ப்பது. "தண்ணி வேணும்" என்று சொல்ல நினைத்துக் "கதவு வேணும்" என்று சொல்லிவிட்டு, நமக்குப் புரியவில்லையே என்று கோபப்படுகிறவர்கள். அந்தக் கோபத்தைத்தான் இப்போது எழுத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். தான் சரியாக எழுதுவதாகவே அந்த மனிதர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

"அவர் குடிக்கவில்லை. இது பக்கவாதம். அவருக்கு உடனே ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள்" என்று அடித்தேன்.

"நீங்கள் பொறியியலாளர் அல்லவா?" என்று மதுக்கடைக்காரர் கேட்டார்.

"அது என் கணவர். நான் பெண். நான் தாதி. பகிடி விடவில்லை, தயவுசெய்து நம்புங்கள்."

 பிறகு சரித்திர ஆசிரியர் எழுதினார்: "நம்புகிறேன். ஆனால் ஆம்புலன்ஸை எந்த முகவரிக்கு அனுப்புவது?"

 எத்தனை சனி இரவுகள் சேர்ந்து சிரித்திருப்போம். அத்தனை பேரில் ஒருவருக்கும் அவர் எந்த ஊர் என்று தெரியாது. அந்த நேரத்தில்தான் குசினியில் என் கணவர் தொலைபேசியைத் தூக்கினார், டொராண்டோவில் இருக்கும் தமையனோடு கதைக்க. தொலைபேசியும் இணையமும் ஒரே கம்பியில் ஓடிய காலம். திரை செத்துப்போனது.

"வையுங்கோ! ஃபோனை வையுங்கோ!" என்று கத்தினேன்.

அவர் பயந்துபோய் ஓடி வந்தார். "என்ன நடந்தது உமக்கு? ஏன் இப்பிடிக் கத்துறீர்?"

"அங்க ஒராள் சாகப்போகுது."

"ஆர்?"

 "தெரியாது" என்றேன். "தெரியாது, ஆரெண்டு எனக்குத் தெரியாது." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் ஒன்றும் கேட்காமல் என் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மோடம் கீச்சிட்டுக் கரகரத்துத் திரும்ப இணையும்வரை இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

திரும்பி வந்தபோது ஆசிரியர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். முன்பு ஒருமுறை லைட்ஹவுஸ் ஒரு வில்லையைப் பற்றிச் சொன்னது அவருக்கு நினைவு வந்திருக்கிறது. சில நூற்றாண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் சில்லறைத் தட்டுப்பாடு வந்தபோது கடைக்காரர்கள் தங்கள் பெயரும் ஊரும் பொறித்துத் தாங்களே சின்ன வில்லைகள் அடித்துக்கொண்டார்களாம். ஒரு ரொட்டிக்காரர் அடித்த வில்லை லைட்ஹவுஸிடம் இருந்தது. "அவருடைய அடுப்பு இருந்த இடம் என் வீட்டிலிருந்து நாலாவது கதவு" என்று எழுதியிருந்தார். ரொட்டிக்காரரின் பெயர் ஆசிரியருக்கு ஞாபகம் இருந்தது. அலுமாரியில் இருந்த வில்லைகள் பற்றிய புத்தகத்தில் அந்தப் பெயரைத் தேடி ஊரைப் பிடித்துவிட்டார். கிழக்குக் கரையில் ஒரு சிறிய ஊர். அந்தப் பழைய அடுப்பு எந்தத் தெருவில் இருந்தது என்பதும் புத்தகத்தில் இருந்தது. "காவல்துறைக்கு அழைக்கப்போகிறேன். அவரைத் தனியே விடாதீர்கள்" என்று எழுதிவிட்டு இணைப்பைத் துண்டித்துப் போனார்.

நான் எழுதிக்கொண்டே இருந்தேன். எழும்ப முயலாதீர்கள். தண்ணீர் குடிக்காதீர்கள். நாங்கள் இங்கேதான் இருக்கிறோம், ஆட்கள் வருகிறார்கள். அவருக்கு அதை வாசிக்க முடியுமா என்றுகூடத் தெரியாது. ஒருமுறை ஒரேயொரு எழுத்து வந்தது. அதன் பிறகு ஒன்றும் இல்லை. வார்டில் என்றால் கையைப் பிடித்திருப்பேன், நாடி பார்த்திருப்பேன். இங்கே உலகத்தின் மறு கோடியில் இருந்துகொண்டு திரையில் மின்னி மின்னி மறையும் வெள்ளைக் கோடு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டும் சத்தம் கேட்டது. நல்ல வெயில். அது எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

பிறகு லைட்ஹவுஸ் என்ற பெயருக்கு எதிரே ஒரு முழு வாக்கியம் வந்தது. பிழையில்லாத ஆங்கிலம். நான் கதிரையிலிருந்து எழும்பியே விட்டேன்.

"நான் காவலர். நீங்களெல்லாம் யார் என்று தெரியவில்லை. கதவை உடைத்து வந்தோம். அம்மையார் உயிரோடு இருக்கிறார். ஆம்புலன்ஸில் ஏற்றுகிறார்கள்."

நான் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். வேறு வீட்டுக்குள் போய்விட்டார்களோ என்று நினைத்தேன். மதுக்கடைக்காரர் எழுதினார்: "எந்த அம்மையார்?"

"இந்த வீட்டில் ஒருவர்தான்" என்று வந்தது பதில். "மேசை நிறையக் காசு."

லைட்ஹவுஸின் மருமகள், சகோதரனின் மகள், சில வாரம் கழித்து ஆசிரியரிடம் என் எண்ணை வாங்கித் தொலைபேசியில் அழைத்தாள். அத்தை ஓய்வுபெற்ற மருந்தாளர், கல்யாணம் செய்யாதவர், எழுபதைத் தாண்டியவர். திங்கட்கிழமை வரை அந்தக் கதவை யாரும் தட்டியிருக்க மாட்டார்கள் என்றாள். இளம் வயதில் காசு சேர்ப்பவர்களின் சங்கம் ஒன்றுக்கு ஆசையோடு போனாராம். போன முதல் நாளே கேத்தலைக் கையில் கொடுத்துத் தேநீர் ஊற்றச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த கூட்டத்திலும் அதேதான். அதோடு விட்டவர், முகம் தெரியாத இடம் ஒன்று வந்த பிறகுதான் மறுபடி ஆட்களோடு காசு பற்றிக் கதைக்கத் தொடங்கினாராம்.  நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் "ஐயா" என்று கூப்பிட்டுக்கொண்டு அந்த அறையில் அவ்வளவு காலம் அருகருகே இருந்திருக்கிறோம்.

"அவருக்கு இன்னும் பேச்சு வரவில்லை. ஆனால் கேட்பார். ஏதாவது சொல்கிறீர்களா?" என்று மருமகள் தொலைபேசியை அவர் காதில் வைத்தாள். நான் யார் என்று சொன்னேன். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், மிகுந்த பிரயாசையோடு, கரகரத்த ஒரு பெண்குரல், ஒரே ஒரு சொல்லைச் சொன்னது. இங்கே எழுத முடியாத ஒரு கெட்ட வார்த்தை. தெளிவாக, முழுசாக.

"ஐயோ, அத்தை!" என்று மருமகள் பதறுவது கேட்டது. நான் சிரித்துவிட்டேன். மற்றச் சொற்களெல்லாம் போனாலும் திட்டும் சொல் சில சமயம் தங்கிவிடும். வார்டில் அந்தச் சத்தம் கேட்டால் நாங்கள் சந்தோஷப்படுவோம். "நல்லது, நல்லது, இன்னொருமுறை சொல்லுங்கள்" என்றேன். சொன்னார். மறுமுனையில் அவரும் சிரிப்பது போலிருந்தது. அழுதிருக்கவும் கூடும். கண்ணால் காணாமல் அதைப் பிரித்தறிய எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு சில வருடம் இருந்தார். இடது கையால் சின்னச் சின்ன வரிகள் எழுதினார், பாதி பிழையோடு. பிழைகளை ஒருவரும் கேலி செய்யவில்லை. அவர் போன செய்தியையும் மருமகள்தான் சொன்னாள். அந்த அறையும் பிறகு கலைந்துபோனது.

இப்போது யாருக்கும் முகம் இல்லாமல் இல்லை. கைத்தொலைபேசியில் ஆளின் படம், ஊர், கடைசியாக எப்போது வந்துபோனார் என்பதுவரை தெரிகிறது. ஆக்லாந்தின் மறுபக்கம் பாட்டனி டவுன்ஸில் இருக்கும் என் மகளுக்கு ஏதாவது அனுப்பினால், அவள் பதில் எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று காட்டும் மூன்று புள்ளிகள் துடிக்கும். சில நேரம் அவை துடித்துவிட்டு நின்றுபோகும். பதில் வராது. மற்றவர்கள் அதைக் கவனிக்கவே மாட்டார்கள். நான் உடனே அழைத்துவிடுவேன். அவள் அலுத்துக்கொள்வாள். "அம்மா, ஐ வாஸ் ஜஸ்ட் இன் த ஷவர்" என்பாள். "ஓம், ஓம்" என்று வைத்துவிடுவேன். வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அவளுடைய கடைசி வரியை எழுத்து எழுத்தாக வாசித்துப் பார்த்துக்கொண்டிருப்பேன்.